கேமரா அப்புறம் வாங்கலாம், முதலில் கொடிக்கம்பியைக் கழற்றுங்கள்

மதுரைக்கு வெளியே கண்மாய்க்கரைப் பக்கம் வாடகை வீட்டுக்கு வந்திருக்கிறோம், கணவர் மாதத்தில் பாதி நாள் வெளியூரில், வீட்டில் இரண்டு வயதுப் பையனும் 72 வயது மாமியாரும்தான் துணை, கையில் எட்டாயிரம் ரூபாய் இருக்கிறது, எந்த கேமரா வாங்கினால் வீட்டுக்குப் பாதுகாப்பு என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் 26 வருடமாக வீட்டு வயரிங் வேலை பார்க்கிறவன். கேமராவும் மாட்டிக் கொடுக்கிறேன், அதில் எனக்குக் காசும் வருகிறது. ஆனாலும் உங்கள் பணத்தை முதலில் வேறு இடத்தில் செலவழிக்கச் சொல்லப் போகிறேன். திருடன் வந்த வீடுகளுக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்; பூட்டு மாற்றினோம், விளக்குப் போட்டோம், முடிந்தது. துக்க வீடாகிப் போன பிறகு கூப்பிட்ட வீடுகளும் உண்டு. அங்கெல்லாம் காரணம் தினமும் கைபடும் சாமான் ஏதாவது ஒன்றாகத்தான் இருந்தது. அதனால் பதில் கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போடும் கொடி என்னவென்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். இரும்புக் கம்பியாக இருந்தால் கழற்றிவிட்டு நைலான் கயிறு கட்டுங்கள். நம் ஊரில் கொடிக்கம்பியின் ஒரு முனையை ஜன்னல் கிரில்லிலும் மறு முனையை கம்பத்திலிருந்து வீட்டுக்குக் கரண்ட் கொண்டுவரும் சர்வீஸ் வயர் இறங்கும் இரும்புக் குழாயிலோ ஈபி கம்பத்தை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பியிலோ கட்டுவது வழக்கம். கட்டுவதற்குத் தோதாக அது ஒன்றுதான் நிற்கும். சர்வீஸ் வயரின் மேல் உறை வெயிலில் வெடித்து, காற்றில் குழாயின் விளிம்போடு உரசி உரசித் தேயும். ஒருநாள் மழையில் குழாய்க்குக் கரண்ட் வரும், குழாயிலிருந்து கொடிக்கு வரும். ஈரத்துணியோடு, வெறுங்காலோடு, நனைந்த தரையில் நிற்கிறவர்தான் அதைத் தொடுகிறார். அவரை இழுக்கப் போகிறவரும் ஒட்டிக்கொள்கிறார். மழைக்காலத்தில் செய்தித்தாளில் 'ஒரே வீட்டில் இருவர் பலி' என்று படிக்கும்போது இதைத்தான் நான் முதலில் நினைப்பேன்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம். நீங்கள் வீட்டுக்குள் எவ்வளவு நல்ல பாதுகாப்புக் கருவி போட்டாலும் இந்த ஆபத்தை அது தடுக்காது. சர்வீஸ் வயர் மீட்டருக்கு முன்னால் இருக்கிறது, கருவி மீட்டருக்குப் பின்னால் இருக்கிறது. முன்னால் கசிவது பின்னால் இருப்பதற்குத் தெரியவே தெரியாது. ஆகவே இங்கே மருந்து நைலான் கயிறு மட்டும்தான். சர்வீஸ் வயர் உரசுவது தெரிந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள், நீங்களாக ஏணி வைத்து ஏறாதீர்கள்.

சரி, மீட்டருக்குப் பின்னால் வருவோம். மெயின் போர்டைத் திறந்து பாருங்கள். வரிசையாக நாக்கு மாதிரி ஸ்விட்சுகள் இருந்தால் அவை எம்சிபி. 'அதுதான் ட்ரிப் ஆகுமே, பிறகென்ன' என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். ட்ரிப் ஆகும், அதாவது தானாக அணையும், ஆனால் உங்களைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். ஈரமான உடம்பின் தடை ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொண்டால் உடம்பு வழியே போகும் கரண்ட் 230 மில்லி ஆம்பியர். ஆளை முடிக்க இது தாராளம். உங்கள் 16 ஆம்பியர் எம்சிபி அசைவதற்கு 16,000 மில்லி ஆம்பியரைத் தாண்ட வேண்டும். ஒரு மனிதன் ஒட்டிக்கொண்டு துடிப்பது அதற்கு ஒரு சின்ன பல்பு எரிகிற மாதிரிதான்.

ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. இஎல்சிபி என்று பழைய பெயரிலேயே கடையில் கேட்பார்கள், கொடுப்பார்கள். பேஸ் வழியே போன கரண்ட் முழுதும் நியூட்ரல் வழியே திரும்பி வருகிறதா என்று ஓயாமல் கணக்குப் பார்ப்பதுதான் அதன் வேலை. கொஞ்சம் குறைந்தால், அந்தக் குறைந்த பங்கு யார் உடம்பு வழியாகவோ, பழுதான சாமான் வழியாகவோ மண்ணுக்குப் போகிறது என்று அர்த்தம், உடனே துண்டித்துவிடும். வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். 100, 300 என்றும் வரும்; அவை தீ விபத்தைத் தடுக்க, ஆளுக்கு உதவாது. சிங்கிள் பேஸ் வீட்டுக்கு நல்ல கம்பெனியில் இரண்டாயிரம் ரூபாயை ஒட்டி வரும். பேஸையும் நியூட்ரலையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் பிடித்தால் இதுவும் காப்பாற்றாது. ஆனால் வீட்டில் ஷாக் அடிப்பது பெரும்பாலும் மண்ணில் கால் வைத்த நிலையில்தான்.

இதை மாட்டியதும் உங்களுக்கு ஒரு தொல்லை வரலாம், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பழைய வீடுகளில் இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் சாதா லைனின் நியூட்ரலும் எங்கோ ஒரு ஸ்விட்ச் பாக்ஸுக்குள் ஒன்றாக முறுக்கப்பட்டிருக்கும். போட்ட அன்றே ஆர்சிசிபி அடிக்கடி விழும், அதாவது தானாக அணைந்துவிடும். வயர்மேன் ஒரு மணி நேரம் தேடிவிட்டு, 'இந்த வீட்டுக்கு இது செட் ஆகாதுங்க, எடுத்துடலாம்' என்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள். சிவகங்கைப் பக்கம் ஒரு வீட்டில் அப்படி எடுக்கச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு லைனாகக் கழற்றிப் பார்த்தபோது நியூட்ரலில் தப்பே இல்லை; கிரைண்டருக்குள் வயர் தேய்ந்து பாடியில் கசிந்துகொண்டிருந்தது. அந்த அம்மா, 'மாவு வழிக்கும்போது விரலில் சுர்ருன்னு இருக்கும், நரம்புத் தளர்ச்சின்னு நெனச்சு மாத்திரை சாப்பிட்டேன்' என்றார். கருவி சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. அதன் மேல் 'டி' (T) என்று ஒரு பட்டன் இருக்கும், மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் கருவி செத்துவிட்டது.

கூடவே எர்த்தையும், அதாவது கசியும் கரண்டை மண்ணுக்குள் இறக்கும் வயரையும் குழியையும், பார்க்கச் சொல்லுங்கள். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 200 வாட் குண்டு பல்பை மாட்டிப் பார்ப்பது எங்கள் வழக்கம். பளிச்சென்று எரிந்தால் எர்த் உயிரோடு இருக்கிறது, மினுக்கினால் குழி காய்ந்துவிட்டது. (ஆர்சிசிபிக்குப் பின்னால் பார்த்தால் அது விழுந்துவிடும்; பார்க்கிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.) கோடையில் எர்த் குழிக்கு வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும். மூன்று பின் பிளக்கில் மேலே இருக்கும் தடித்த நீளமான பின் எர்த்துக்கானது. நீளமாக வைத்ததே, செருகும்போது முதலில் அது தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காகத்தான். அதை ஒடித்துவிட்டு இரண்டு பின் சாக்கெட்டில் அயர்ன் பாக்ஸைச் செருகும் வீடுகள் இன்னும் இருக்கின்றன.

வாளியில் போடும் ஹீட்டர் ராடு இருந்தால் அதைத் தூக்கிப் பரணில் போடுங்கள் என்பேன், நீங்கள் கேட்க மாட்டீர்கள். அதனால் இதையாவது செய்யுங்கள்: ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கி அது தொங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே தண்ணீர் சுட்டதா என்று விரலை விடுங்கள். போன் சார்ஜரும் அப்படித்தான். போனை எடுத்த பிறகும் வயர் உயிரோடு தொங்கும், இரண்டு வயதுப் பிள்ளை அதை நேராக வாயில்தான் வைக்கும்.

அடுத்தது அடுப்படி. சிலிண்டர் வந்ததும் எடையைத்தான் எல்லோரும் சந்தேகப்படுகிறோம். 14.2 கிலோ வாயுவும் அதன்மேல் எழுதியிருக்கும் காலி சிலிண்டர் எடையும் சேர்ந்தால் கணக்கு சரியாக வரும், டெலிவரி ஆளிடமே நிறுத்துக் காட்டச் சொல்லலாம். ஆனால் அதைவிட முக்கியமாகக் கைப்பிடியின் உள்பக்கம் ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி ஏப்ரல் முதல் ஜூன், சி ஜூலை முதல் செப்டம்பர், டி அக்டோபர் முதல் டிசம்பர், எண் வருடம். அந்தத் தேதிக்குள் சிலிண்டரை மறுசோதனை செய்திருக்க வேண்டும் என்று பொருள். கடந்துபோன தேதியோடு வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

சீலை உடைத்ததும் வால்வுக்குள் எட்டிப் பாருங்கள், கறுப்பாக ஒரு ரப்பர் வளையம் தெரியும். அது இல்லாமலோ கிழிந்தோ இருந்தால் ரெகுலேட்டரை எப்படி மாட்டினாலும் கசியும். வால்வில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குமிழி வருகிறதா என்று பார்க்கவும் டெலிவரி ஆளிடம் சொல்லுங்கள். அது அவர் வேலைதான். சிலிண்டரிலிருந்து அடுப்புக்கு வாயு போகும் ஆரஞ்சு நிற சுரக்ஷா டியூபை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், தேதி டியூபிலேயே இருக்கும். மாதம் ஒருமுறை சோப்பு நுரையைத் தடவிப் பாருங்கள். தீக்குச்சி கிழித்துப் பார்க்கிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன், என்ன சொல்ல.

சமையல் வாயு காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் மாதிரி தரையோடு பரவிப் போய் மூலையில் தேங்கும். மேலே ஜன்னல் திறந்திருக்கிறது என்று தைரியமாக இருக்க முடியாது, கதவு திறக்க வேண்டும். வாசனை இல்லாத வாயுவுக்கு நாற்றமுள்ள மெர்காப்டன் என்ற பொருளைக் கலந்து அனுப்புவது நமக்குத் தெரிவதற்காகத்தான். காலையில் எழுந்து அடுப்படிக்குள் போனதும் நாறினால் கை தானாக லைட் ஸ்விட்சுக்குப் போகும். அங்கேதான் எல்லாம் முடிகிறது. போடவும் கூடாது, போட்டிருந்தால் அணைக்கவும் கூடாது, எக்ஸாஸ்ட் பேனும் கூடாது. இருட்டிலேயே ரெகுலேட்டரை மூடி, வெளிக்கதவுகளைத் திறந்து, பிள்ளையையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வெளியே வந்து, அங்கிருந்து 1906-க்குப் போன் செய்யுங்கள். ராத்திரி படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடும் பழக்கம் இருந்தால் இந்தக் காலையே வராது. ஒன்றைக் கூடுதலாகச் சொல்கிறேன்: அடுப்படிக்குள் ஃபிரிட்ஜ் வைக்காதீர்கள். ராத்திரியில் அது தானாக ஓடி நிற்கும்போது உள்ளே சின்னப் பொறி வரும்.

எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் அடுப்பை அணைத்துத் தட்டை வைத்து மூடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம். கடிகாரம் பார்த்து இருபது நிமிடம். நம் ஊரில் இங்க், பற்பசை, இட்லி மாவு, காப்பித்தூள் என்று ஒரு பட்டியலே உண்டு. அதையெல்லாம் அப்புறம் ஆஸ்பத்திரியில் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கிறது, பச்சைப் புண்ணின் மேல்.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். தரையில் முட்டி போட்டு அவன் உயரத்துக்கு இறங்கி வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள், பாதி ஆபத்து தானாகத் தெரியும். குளியலறையில் பாதி நிறைந்த வாளி இருந்தால், எட்டிப் பார்க்கும் பிள்ளை தலைகீழாகப் போய்விடும். அந்த வயதில் தலைதான் கனம். கையை ஊன்றி நிமிரத் தெரியாது, சத்தமும் வராது. தண்ணீர் பிடித்து வைத்தே ஆக வேண்டும் என்றால் குளியலறைக் கதவுக்கு வெளிப்பக்கம், பெரியவர்கள் உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். சம்ப் மூடியை நீங்களே காலால் அழுத்திப் பாருங்கள். துருப்பிடித்த தகடாக இருந்தால் வீட்டுக்காரரிடம் சொல்லி மாற்றிப் பூட்டுப் போடச் சொல்லுங்கள். பக்கத்துக் காலி மனையில் மூடாத போர் குழி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் குழிக்குள் போன பிள்ளைக்கும் இரண்டு வயதுதான். நான்கு நாள் ஊரே விழித்திருந்தும் மீட்க முடியவில்லை. அந்தக் குழியும் வீட்டை ஒட்டித்தான் இருந்தது.

பினாயில், ஆசிட், மண்ணெண்ணெய் எதையும் தண்ணீர் பாட்டிலிலோ கூல்டிரிங்ஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மண்ணெண்ணெய் வாந்தியோடு நுரையீரலுக்குள் போகும், ஆசிட் வந்த வழியை மறுபடி சுடும். பாட்டிலையும் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எலி பேஸ்ட்டை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த அந்தப் பேஸ்ட்டுக்கு மாற்று மருந்து கிடையாது. தின்ற பிள்ளை முதல் நாள் வாந்தி எடுத்துவிட்டு, அடுத்த நாள் விளையாடும். நாமும் தப்பித்தோம் என்று நினைப்போம். அதற்குள் கல்லீரல் போய்க்கொண்டிருக்கும். எலிக்குப் பொறி இருக்கிறது, அது போதும்.

ரிமோட், பொம்மை, எடை மிஷின் இவற்றில் இருக்கும் வட்ட பட்டன் பேட்டரியை நாணயம் மாதிரி என்று நினைக்க வேண்டாம். தொண்டைக் குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உள்ளே வெந்து புண்ணாகத் தொடங்கும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே எக்ஸ்ரே எடுக்கக் கிளம்பிவிட வேண்டும், 'நாளைக்கு வெளியே வந்துவிடும்' என்று வாழைப்பழம் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. மாமியாரின் மாத்திரைகளும் அப்படித்தான். சில வகைச் சர்க்கரை மாத்திரை ஒன்றே ஒன்று போதும், பிள்ளையின் சர்க்கரையை அபாய அளவுக்கு இறக்கிவிடும். பெரியவர்கள் மாத்திரை அட்டையைத் தலையணைக்கடியில்தான் வைப்பார்கள். கோபப்படாமல், அவர் கைக்கு எட்டி பேரன் கைக்கு எட்டாத ஒரு அலமாரித் தட்டைக் காலி செய்து கொடுங்கள்.

மாமியாருக்கு முக்கியமானது ராத்திரி இரண்டு மணி. படுக்கையிலிருந்து கழிவறை வரை இருக்கும் பத்தடியை அந்த நேரத்தில் நீங்களே நடந்து பாருங்கள். வழியில் கால்மிதி சுருண்டிருக்கும், டேபிள் பேன் வயர் குறுக்கே ஓடும், ஸ்விட்ச் அறையின் அந்தக் கோடியில் இருக்கும். இருட்டினால் தானாக எரியும் சின்ன எல்இடி விளக்கு இருநூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. கழிவறையில் கைப்பிடி ஒன்றைச் சுவரில் துளையிட்டு மாட்டுங்கள். ஒட்டும் வகை வேண்டாம், கனம் விழுந்தால் கழன்று வரும். என் அம்மா விழுந்தது குளியலறையில்தான். விழுந்ததைவிடப் பெரிய பாடு, உள்ளே தாழ் போட்டிருந்தது. கதவை உடைக்க முக்கால் மணி நேரம், கதவுக்கு அந்தப் பக்கம் அவர் முனகுவது கேட்டுக்கொண்டே இருந்தது. அடுத்த வாரமே உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, வெளியிலிருந்தும் ஒரு காசை விட்டுத் திருப்பித் திறக்கும் பூட்டுப் போட்டேன். பையன் உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டாலும் அது உதவும்.

கண்மாய்க்கரை என்றதால் பாம்பு பற்றி. நல்ல பாம்பு படம் எடுக்கும், கண்ணாடி விரியன் சீறும், கட்டுவிரியன் எந்த எச்சரிக்கையும் தராது. ராத்திரியில் தரையில் படுத்திருப்பவர்களைத்தான் அது கடிக்கும். வலி இருக்காது, தடமும் தெரியாது. விடிகாலையில் வயிற்று வலி, கண் இமை தூக்க முடியவில்லை என்றால் அஜீரணம் என்று சோடா வாங்கப் போகாதீர்கள். கட்டிலில் படுங்கள், முடியாவிட்டால் கொசுவலையை விளிம்பு முழுதும் பாய்க்கடியில் செருகுங்கள். கடித்தால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது எதுவும் வேண்டாம். ஆட்டாமல் அசைக்காமல் 108-ல் அரசு ஆஸ்பத்திரிக்கு. விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும்.

திருட்டைப் பற்றி நான் சொல்ல அதிகமில்லை. சாவியைப் பூந்தொட்டிக்கடியில் வைக்காதீர்கள். ஊருக்குப் போவதாக ஸ்டேட்டஸ் போடாதீர்கள், போவதற்கு முன் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள், ரோந்தில் பார்த்துக்கொள்வார்கள். இப்போது திருடன் சுவர் ஏறுவதைவிடப் போனில் வருவதுதான் அதிகம். 'உங்கள் ஈபி பில் கட்டவில்லை, இன்று இரவு கரண்ட் கட், இந்த எண்ணுக்குப் பேசுங்கள்' என்று குறுஞ்செய்தி வரும். பேசினால் ஒரு ஆப்பை இறக்கச் சொல்வான். வாரியத்தில் யாரும் அப்படிச் சொந்த எண்ணிலிருந்து ஆப் இறக்கச் சொல்வதில்லை. பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அழைக்க வேண்டும். மாமியாரிடம் போன் இருந்தால் அவருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

உங்கள் எட்டாயிரத்துக்கு என் கணக்கு இப்படி: ஆர்சிசிபியும் மாட்டுகூலியும் மூவாயிரம், டியூபும் சோப்பும் கயிறும் ஐந்நூறு, கைப்பிடி, விளக்கு, தாழ்ப்பாள் எல்லாம் சேர்த்து இரண்டாயிரம். வீட்டுக்காரர் 'இருபது வருஷமா இப்படித்தான் இருக்கு' என்பார். சண்டை வேண்டாம். ஆர்சிசிபியை உங்கள் செலவில் போட்டு, காலி செய்யும்போது கழற்றிக்கொள்வேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், சம்மதிப்பார்.

மீதி இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஒரு வைஃபை கேமரா வரும். வாசலுக்கு ஒன்று போதும். பெட்டியோடு வரும் பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள், படுக்கையறைப் பக்கம் திருப்பாதீர்கள். அதன் அடாப்டரைச் செருகும் பிளக் பாயிண்ட் பையன் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.